ஆறு சைபர்

விஜயலட்சுமிக்குத் தன் கணவர் மீது பெரிய குறை ஒன்றும் கிடையாது, ஒரே ஒரு சக்களத்தியைத் தவிர. அந்தச் சக்களத்திக்கு வயது பதினான்கு, சக்கரம் ஆறு. வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகத்தின் டாக் மதிலை ஒட்டி நிற்கும் லாரிகளில் மூக்கில் மஞ்சள் பெயின்ட் அடித்தது எது என்று கேட்டால் டீக்கடைக்காரன்கூடக் கை காட்டிவிடுவான். செல்வராஜின் வண்டி. சொந்த வண்டி, ஓட்டுவதும் அவரேதான். தீபாவளிக்கு மனைவிக்குப் புடவை எடுக்க மறந்த வருடம் உண்டு. வண்டிக்கு மாலை போட மறந்த வருடம் கிடையாது.

"உங்க இளையாள் சாப்பிட்டாளா?" என்று கேட்பாள் விஜயலட்சுமி. டீசல் போட்டாயிற்றா என்று அர்த்தம்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சாயங்காலம் செல்வராஜ் வந்து வாசலில் நின்றால், விஜயலட்சுமி செம்பில் தண்ணீரோடு வருவாள். கால் கழுவத் தண்ணீர்தான், ஆனால் உடனே தரமாட்டாள். "மீட்டர் எவ்வளவு?" என்பாள். அன்றைக்கு வண்டியின் மீட்டர் காட்டிய எண்ணை அவர் சொன்ன பிறகுதான் செம்பு கைமாறும். அவள் உள்ளே போய்ச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளில் அதை எழுதுவாள். மறுநாள் காலையில் தாளைக் கிழித்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் குத்திவிடுவாள். எத்தனை ஆயிரம் ஓடினால் ஆயில் மாற்றவேண்டும், எப்போது கிரீஸ் அடிக்கவேண்டும் என்பது செல்வராஜுக்கு மறந்துபோகும், அவளுக்கு மறக்காது என்று ஆரம்பித்த வழக்கம் அது. ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் எண் என்றால் அவளிடம் யாரும் விளையாட முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் அவள் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். இதயம் களைத்துப்போயிருக்கிறது, பாரம் தூக்கக்கூடாது, பகலில் தனியாக விடவேண்டாம் என்றார். நியூ டவுனில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் மாதங்கி, "ரெண்டு பேரும் எங்கூட வந்துடுங்க" என்று போனில் அழுதாள். விஜயலட்சுமி கேட்கவில்லை. நான் அங்கே போய்விட்டால் இங்கே மீட்டரை யார் எழுதுவது என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலம்தான் செல்வராஜ் வாக்குக் கொடுத்தார். மீட்டர் அப்போது எட்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

"பத்து லட்சம் ஆகட்டும் விஜயா. ஒம்பது ஒம்பதா ஆறும் நின்னு, அத்தனையும் ஒரே நேரத்துல சைபரா விழும். அன்னிக்கு உன்னய முன்சீட்டுல உக்கார வச்சு தீகாவுக்கு ஓட்டிட்டுப் போறேன். ரெண்டு பேரும் கடல் பாத்துட்டு வந்து, வண்டிய நிறுத்திடுதேன். அப்புறம் எங்கயும் போகமாட்டேன்."

"ஆறு சைபரையும் நான் கண்ணால பாக்கணும்" என்றாள்.

"நீதான் பாப்ப."

"ஒரு நாள் கூடக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஒரு நாள் கூட இல்ல" என்றார் செல்வராஜ். சொன்னபோது அது உண்மைதான். பொய் சொல்லும் மனிதர் இல்லை அவர். அதுதான் இந்தக் கதையில் வயிற்றெரிச்சல்.

சென்ற பொய்லா பைசாக், வங்காளிகளின் வருடப் பிறப்பு, முடிந்த மறுவாரம், தெரிந்தவர் ஒருவரின் பெரிய லாரியை உடைக்கப் போனார்கள். அதில் இருந்த ஆறு டயரும் டிஸ்க்கோடு செல்வராஜுக்கு வாய்த்தது. அவர் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது எட்டேகால் அங்குல அகல டயர். இவை பத்து அங்குலம், அகலம் கூடினால் உயரமும் கூடும். மழைக்காலத்தில் டாக் ரோடு குளமாகும்போது வண்டி உயரமாக நிற்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். கார்டன் ரீச் ரோட்டில் இருக்கும் சிவராஜின் ஷெட்டுக்கு ஓட்டிப்போய் மாட்டச் சொன்னார். சிவராஜும் அவரைப்போலத் திருநெல்வேலிக்காரன், இருபது வருடமாக அந்த வண்டியின் குடல்வரை தெரிந்த... இல்லை, வண்டி வந்தே பதினான்கு வருடம்தான். அவன் கையால் அதற்கு முந்தைய வண்டியும் ஓடியது. மாட்டினான். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். அவன் முகம் நன்றாக இல்லை.

"அண்ணாச்சி, நான் சொல்லுததக் கேளுங்க. பாக்க ராஜா மாதிரிதான் இருக்கு. ஆனா இன்ஜின் பழைய இன்ஜின், உள்ள இருக்க பல்லும் பழைய பல்லு. சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்குப் போற தூரம் கூடும். அந்தக் கூடுதல் தூரத்துக்கும் இதே இன்ஜின்தான் இழுக்கணும். கியர் எல்லாம் ஒரு படி மேல தள்ளிப்போன மாதிரின்னு வச்சுக்கோங்க. நீங்க ஃபர்ஸ்ட்டு போட்டாலும் அது பழைய ஃபர்ஸ்ட்டா இருக்காது."

"ஓடாதா?"

"ஓடும். முனகிக்கிட்டு ஓடும். லோடோட மேட்டுல எடுக்கையில கிளட்ச்ச ரொம்ப நேரம் அரைக்க வேண்டி வரும், பிளேட்டு தீஞ்சு போவும். நீங்க வேற டாக்குக்காரங்க எல்லாரையும் போல செகண்டுல எடுக்கற ஆளு. பிரேக்கும் முன்னப்போலக் கேக்காது. இதுக்கு ஒரே வழிதான். பின்னால ஹவுசிங்கக் கழட்டி, உள்ள இருக்க கிரவுன், பினியன் பல்சக்கரம் ரெண்டையும் மாத்திடுவோம். சக்கரம் பெருசான அளவுக்குப் பல்லுக் கணக்கையும் மாத்திட்டா இழுவை பழையபடி வந்துடும். மீட்டரும் நேராயிடும்."

"மீட்டருக்கு என்ன?"

"அது சக்கரத்தப் பாத்தா எண்ணுது? கியர் பாக்ஸ்ல இருந்து பின்னால போற ஷாப்ட்டு எத்தன சுத்து சுத்துதுன்னுதான எண்ணுது. இப்ப அது கம்மியா சுத்தும். வண்டி நூறு ஓடினா மீட்டர் தொண்ணூத்திரெண்டுதான் காட்டும்."

சரி மாற்று என்று சொல்லத்தான் செல்வராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் கண் கேபினுக்குள் மீட்டர் பக்கம் போய்விட்டது.

மீட்டர் அப்போது ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்து நூற்றுப் பதினெட்டில் நின்றது. வாக்குக் கொடுத்த நாளில் பத்து லட்சம் என்பது எங்கோ இருந்தது. இப்போது அது தெருமுனைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் நின்று எண்ணைச் சொல்லும்போது அவருக்கு உள்ளே சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடமாடுகிறவர். எல்லா நாளும் ஞாயிறானால் மனிதன் என்னத்தைச் செய்வது? எப்படியும் பதினைந்து வயதானால் வண்டியை ஊருக்குள் ஓட்ட விடமாட்டார்கள். அதுவரையாவது, ஒரு மாதம் கூடவாவது ஓட்டிக்கொள்ளலாமே என்று ஒரு ஆசை. சின்ன ஆசைதான். அந்தச் சின்ன ஆசையை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை.

"கிரவுன் இப்ப வேண்டாம். பொறவு பாப்போம்" என்றார்.

மறுநாள் ஹல்தியா போய்வந்தார். டாக்கில் சரக்கு ஏற்றி ஹல்தியாவில் இறக்கி, அங்கிருந்து இன்னொரு லோடு எடுத்துத் திரும்புவது. வருடக்கணக்காக அதே பாதை. போகவர இருநூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. சாயங்காலம் வாசலில் நின்று மீட்டரைச் சொன்னார். விஜயலட்சுமி செம்பை நீட்டப்போனவள் கையை நிறுத்தினாள்.

"இன்னிக்கு இருநூத்தி இருபத்திமூணுதான் ஆவுது. ஹல்தியா நடந்து நம்ம பக்கமா வந்துடுச்சா?"

செல்வராஜ் சிரித்தார். "கோலாகாட் தாண்டி ஒரு சுருக்குப் பாதை போட்டிருக்கான். இனிமே இவ்வளவுதான்."

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு "நல்லதாப் போச்சு" என்று செம்பைக் கொடுத்தாள். அப்புறம் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று செல்வராஜ் நினைத்துக்கொண்டார். மீட்டர் காட்டுவதைத்தானே சொல்கிறேன், இதில் பொய் எங்கே என்று தனக்குத்தானே வக்கீலும் வைத்துக்கொண்டார்.

சிவராஜ் சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. வித்யாசாகர் சேது ஏற்றத்தில் நாலாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி இப்போது மூன்றாவது கேட்டது. டாப் கியரில் போட்டால் உறுமாமல் திணறியது. சிக்னலில் நின்று எடுக்கும்போதெல்லாம் கிளட்ச் தீயும் வாடை கேபினுக்குள் வந்தது. செகண்டில் எடுக்கும் பழக்கத்தை மட்டும் செல்வராஜால் விடமுடியவில்லை. துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு பிளேட் போனது, பொங்கலுக்கு முன்னால் இன்னொன்று. சிவராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "மூணாவது பிளேட்டு போடமாட்டேன் அண்ணாச்சி, கிரவுன மாத்தினாத்தான் போடுவேன்" என்றான். போடத்தான் செய்வான் என்று இருவருக்கும் தெரியும்.

வண்டி எங்கே மூச்சு வாங்குகிறது, எந்த மேட்டில் முனகுகிறது என்பதெல்லாம் செல்வராஜின் காதுக்கு அத்துபடி. வீட்டில் ஒருத்தி துணி காயப்போடப் போய் பாதிக் கொடியில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவது மட்டும் அந்தக் காதுக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டு ரீனா மாஷிதான் மீதித் துணியைக் காயப்போடுவாள்.

வங்காளிகளுக்குச் சரஸ்வதி பூஜை பொங்கல் கழிந்துதான் வரும், பெண்கள் மஞ்சள் கட்டுவார்கள். அன்று சாயங்காலம் அவர் வந்தபோது தெருவெல்லாம் மஞ்சள் புடவை. விஜயலட்சுமியும் மாதங்கியின் கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் பட்டைக் கட்டியிருந்தாள். வாசலில் கோலம். உள்ளே நெய் வாசம், கேசரி கிளறியிருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு அடுப்படியில் நின்றிருக்கிறாள் என்று செல்வராஜுக்குக் கோபம்கூட வந்தது.

"மீட்டர் எவ்வளவு?"

"ஒம்பது லட்சத்துத் தொண்ணூத்தஞ்சாயிரத்து நானூத்தி இருபத்திரெண்டு."

செம்பு கைமாறவில்லை. "வேற எதுவும் எங்கிட்ட சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல? இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் கெடக்கு. அடுத்த மாசம் தீகா." பிறகு, அவள் நிற்பதைப் பார்த்து, "சரஸ்வதி பூஜைக்கு நீயும் பெங்காலி ஆயிட்டியா? புடவை நல்லாருக்கு" என்றார்.

"ஆமா. நல்ல நாளுல்லா" என்று சொல்லித் தண்ணீரைக் கொடுத்தாள். செல்வராஜ் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் கேசரி தின்றார். நெய் கையில் ஒட்டியிருந்தது, முந்திரி நிறையப் போட்டிருந்தாள்.

அதிலிருந்து இருபதாம் நாள், பகல் பதினொரு மணி. கோலாகாட் பாலத்துக்கு ஏறும் சரிவில் முன்னால் போன பஸ் நின்றது. செல்வராஜும் நிறுத்தினார். பஸ் நகர்ந்ததும் கை வழக்கம்போல செகண்டைப் போட்டது. இன்ஜின் கத்தியது, வண்டி அசையவில்லை. ஃபர்ஸ்ட் போட்டார். இன்னும் கத்தியது, கேபின் முழுக்கப் புகை. பிளேட் முழுதாகப் போய்விட்டது. கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடை கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. ரீனா மாஷி.

"செல்வா, பௌதி கீழே விழுந்துட்டா. பேச்சு வரலை. 'அவங்க வரட்டும், அவங்க வரட்டும்'னு மட்டும் சொன்னா. நாங்க ஹாஸ்பிடலுக்குக் கொண்டுபோறோம், நீ சீக்கிரம் வா."

மாஷி இதை வங்காளத்தில் சொன்னாள், பௌதி என்றால் அண்ணி. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விஜயலட்சுமி சொன்னபடியே தமிழில் சொன்னாள். அர்த்தம் தெரியாமல், காதில் விழுந்ததை அப்படியே.

செல்வராஜ் வண்டியில் ஏறி மறுபடி கியர் போட்டுப் பார்த்தார். பிளேட் இல்லை என்று தெரிந்தும் போட்டுப் பார்த்தார். ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார். பிறகு சரக்கோடு வண்டியை நடுச்சரிவில் விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி, வந்த பஸ்ஸை மறித்து ஏறினார். எழுபது கிலோமீட்டர். சந்த்ராகாச்சி வரும்போதே மாதங்கி போன் செய்துவிட்டாள். அவளால் பேச முடியவில்லை, "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் ஹவுரா போகும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் யாரும் மீட்டர் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மாதங்கி லீவு போட்டுத் தங்கியிருந்தாள். அப்பாவை நியூ டவுனுக்கு அழைத்துப்போவதாக முடிவு. மறுநாள் மத்தியானம் சமையலறையை ஒழித்துக்கொண்டிருந்தவள், கதவுக்குப் பின்னால் இருந்த கம்பியைத் தாள்களோடு கழற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாதங்கிக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எண்ணுக்கு மொழி கிடையாது.

"அப்பா, அம்மா ஏன் டெய்லி ரெண்டு நம்பர் எழுதியிருக்காங்க? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல இருக்கறது மீட்டர். கீழ இருக்கறது என்ன?"

செல்வராஜ் தாள்களை வாங்கினார். பெரிய டயர் மாட்டிய மறுநாள் தாள். மேலே அவர் வாசலில் நின்று சொன்ன எண். கீழே, சின்ன எழுத்தில், அதைவிடப் பத்தொன்பது கூடுதலாக இன்னொரு எண். அடுத்த தாளில் மேலே இருநூற்று இருபத்துமூன்று கூடியிருந்தது, கீழே இருநூற்று நாற்பத்திரண்டு கூடியிருந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே. சித்திரை முழுக்க, மழைக்காலம் முழுக்க, பூஜை முழுக்க. அவளுக்குச் சிவராஜ் தேவைப்படவில்லை, பல்லுக் கணக்கு தேவைப்படவில்லை. ஹல்தியா இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சரஸ்வதி பூஜைத் தாளுக்கு வந்தார். மேலே 9,95,422. கீழே 10,00,134. அதற்கும் கீழே, பேனாவால் அழுத்தி அழுத்தி, வட்ட வட்டமாக ஆறு சைபர் போட்டிருந்தாள். மீட்டரில் பார்க்கக் கிடைக்காததைத் தானே எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் தாளில் இரண்டு எண்ணோடு ஒரு வார்த்தை. "சொல்லல."

அதற்கு மறுநாளும் "சொல்லல."

மூன்றாம் நாளும் அதுவே. நான்காம் நாள் தாளில் வேறு எழுதியிருந்தது. "சரி, ஓட்டட்டும்." அதற்குப் பிறகு கீழ் எண்ணே இல்லை. அவர் சொன்ன எண்ணை மட்டும், பழையபடி, ஒற்றை எண்ணாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள், கடைசி நாள்வரை.

"அம்மா என்ன எழுதியிருக்காங்க அப்பா?" என்றாள் மாதங்கி.

செல்வராஜ் சொன்னார். எதையும் மறைக்காமல், டயரிலிருந்து ஆரம்பித்து, கேசரி வரைக்கும் சொன்னார். மாதங்கி முதலில் நம்பவில்லை. பிறகு, "ஒரு மாசத்துக்காகவா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்டது. அந்தக் கதவைத் தட்டும் யோக்கியதை தனக்கு இல்லை என்று செல்வராஜுக்குத் தெரிந்தது. செருப்புப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தார்.

சிவராஜின் ஷெட்டில் வண்டி நின்றது. கோலாகாட்டிலிருந்து கட்டி இழுத்து வந்து, மூன்றாவது பிளேட்டும் போட்டுவிட்டிருந்தான். செல்வராஜ் ஏறி உட்கார்ந்தார். மீட்டர் 9,99,055. பக்கத்து சீட்டில் அவர் துண்டும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அந்த சீட்டில் உட்கார்ந்ததில்லை.

சிவராஜ் கதவருகே வந்து நின்றான். "அண்ணாச்சி, கிரவுன் பினியன் வந்து கெடக்கு. இன்னிக்கே போட்டுடுதேன். இனிமே மீட்டர் நேராக் காட்டும். இன்னும் ஆயிரம்கூட இல்ல, மதினிக்காகவாவது அந்த சைபரப் பாத்துட்டு நிறுத்துங்க."

"அவ பாத்துட்டா" என்றார் செல்வராஜ்.

சிவராஜுக்குப் புரியவில்லை.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு சிவராஜ். மொத நாளே தெரிஞ்சிருக்கு. நான் சொல்லுவேன் சொல்லுவேன்னு வருஷம் பூரா பாத்திருக்கா. பட்டு கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டா. நான் கேசரியத் தின்னுட்டுத் தூங்கிட்டேன்." ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, அழுதார். சிவராஜ் அவர் முதுகில் கை வைத்தபடி நின்றான்.

அழுது முடித்ததும் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "நீயே வித்துடு. நூறு மீட்டர்கூட நான் ஓட்டமாட்டேன்."

வழி நெடுக, அவள் எழுதாமல் விட்ட கீழ் எண்ணை விட்ட இடத்திலிருந்து கூட்டிக்கொண்டே நடந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எப்போதும் வரும் நேரம்தான். மாதங்கி கூடத்தில் விளக்குப் போட்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அப்பா உள்ளே வராமல் வாசற்படியிலேயே நிற்பதைப் பார்த்தாள். நடந்து வந்த கால் முழுக்க டாக் ரோட்டுக் கரி.

செல்வராஜ் உள்ளே பார்த்து, தெளிவாக, அவள் காதில் விழும்படி சொன்னார்.

"பத்து லட்சத்து நாலாயிரத்து எழுபத்தாறு."

சொல்லிவிட்டு, தண்ணீருக்காக அங்கேயே நின்றார்.